பல காயமுற்றார்க்கு நஷ்டஈடு

தமிழ்நாட்டில் பொற்கைப் பாண்டியன் கதையை அறியாதார் அரியர். தன்மேல் வந்த பழிக்குத் தானே தண்டம் விதித்துத் தன் கையைக் குறைத்துக்கொண்ட அவ்வரசன், இழந்த கைக்கு ஈடாகப் பொன்னாற் செய்த கையொன்றைப் பூண்டான் என்பர். பொற்கை ஒளியும் விலையும் உடையது. ஆயினும் அஃது எழுதாது, உண்ணாது, குழந்தையை எடுத்தணைக்காது. விபத்துக்களில் உடம்பு சிதைந்தார்க்கு நீதிமன்றங்கள் வழங்கும் நஷ்டஈடும் இத்தகையதே. இழந்த உறுப்பைத் தருதல் எந்த நீதிபதிக்கும் இயலாது; அதற்கு ஈடாகப் பணமே தர இயலும். எத்துணைப் பணம் தருவது, அதனை எவ்வளவுகோல் கொண்டு அளப்பது என்பதே வழக்கு.

ஓர் உறுப்பில் ஒரே காயம் பட்டதாயின் இவ்வளவையை ஒருவாறு செய்து முடித்துவிடலாம். ஆனால் சாலையில் நேரும் விபத்து, உடம்பின் ஓரிடத்தில் மட்டும் ஊறு செய்து நின்றுவிடுதல் அரிது. காலெலும்பு முறியும், அதே வீழ்ச்சியில் மணிக்கட்டு நொறுங்கும், தலையில் அடிபட்டு நினைவு மங்கும், முகத்தில் வடு நிற்கும். இங்ஙனம் பல காயமுற்ற ஒருவர் நியாயம் வேண்டி வந்து நிற்கும்போது, நீதிபதி காயங்களை ஒவ்வொன்றாக விலையிட்டுக் கூட்டிவிடுவதா? அன்றி, மொத்தமாக ஒரு தொகையைக் கூறிவிடுவதா? முன்னதைச் செய்யின், ஒரே துன்பத்துக்கு இருமுறை பணம் கொடுத்தல் நேரும். பின்னதைச் செய்யின், ஒரு காயம் மற்றொன்றன் நிழலில் மறைந்து கவனிப்பாரின்றிப் போதல் கூடும். இவ்விரு பிழைகளுக்கும் நடுவே நீதிமன்றங்கள் கண்டறிந்த வழி இன்னதென்பதை மாணவர்க்கு விளங்கக் கூறுதலே ஈண்டு எம் நோக்கம்.

பழைய விலைப்பட்டி

காயத்துக்கு விலையிடும் வழக்கம் மிகப் பழையது. கி. பி. 597-ல் அகஸ்தீன் என்னும் துறவி, கிறிஸ்து சமயத்தைப் போதிக்கும் பொருட்டு இங்கிலாந்தின் கெண்ட் நாட்டை அடைந்தார். அவரை வரவேற்று, பின்னர் ஞானஸ்நானமும் பெற்ற எதெல்பெர்ட் மன்னன் பெயரால் வழங்கும் சட்டமே, ஆங்கில மொழியில் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள சட்டங்களுள் மிகப் பழையது. அதன் பெரும்பகுதி காயங்களின் விலைப்பட்டியாகவே இருக்கின்றது. கண்ணொன்று போயின் 50 ஷில்லிங். பாதம் போயினும் 50. கட்டைவிரல் போயின் 20. காது அறுபடின் 12. முன்பல் ஒவ்வொன்றுக்கும் 6. பழிக்குப் பழி வாங்கிக் குடிகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், வாளுக்குப் பதிலாகப் பணத்தை வைத்த இச்சட்டம் பெரிய நன்மை செய்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது உறுப்பைக் கண்டதேயன்றி, உறுப்பையுடைய ஆளைக் கண்டிலது. கட்டைவிரலை இழந்தவன் வில்லாளியோ, மேழி பிடிப்பவனோ, மணியம் பார்ப்பவனோ என்று அது வினவவில்லை. இரண்டு காயம் பட்டவன் இரண்டு விலை பெறுவான், அவ்வளவே.

பிற்கால நியாய சாஸ்திரம் வேறொரு வழியிற் சென்றது. 1880-ல் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில், பிறர் மனையின் கீழிருந்த நிலக்கரியை உரிமையின்றி வெட்டியெடுத்தமை பற்றி எழுந்த ஒரு வழக்கில், பிளாக்பர்ன் பிரபு நஷ்டஈட்டின் இலக்கணத்தை வகுத்துரைத்தார். தீங்கு நேராதிருப்பின் ஒருவர் எந்நிலையில் இருந்திருப்பாரோ, அந்நிலையில் அவரைப் பணத்தால் இயன்றமட்டும் நிறுத்தவல்ல தொகையே நஷ்டஈடு என்பது அவர் கருத்து. நிலக்கரியைப் பற்றிப் பிறந்த இவ்விதி, மனித உடம்பைப் பற்றிய வழக்குக்களுக்கும் அடிப்படையாயிற்று. இந்திய நீதிமன்றங்களும் இதனையே தழுவி வருகின்றன. விலைப்பட்டி, "எவ்வுறுப்புப் போயிற்று?" என்று கேட்டது. இவ்விதியோ, "இம்மனிதரின் வாழ்க்கையினின்று என்ன போயிற்று?" என்று கேட்கின்றது. பல காயங்களைப் பற்றிய சிக்கல் முழுதும் இவ்விரண்டு வினாக்களுக்கும் உள்ள வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளது.

அட்டவணை கற்பிக்கும் பாடம்

இவ்வேறுபாட்டை ஓர் எளிய கணக்கினால் விளக்குவோம். இந்தியாவில் தொழிலிடங்களில் ஊறுபட்டார் பொருட்டு 1923-ல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. நூறாண்டுக்கு மேல் வழங்கிய அச்சட்டம், 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்கு இடங்கொடுத்தது. பழைய சட்டத்தின் முதல் அட்டவணை, ஒவ்வோர் உறுப்பின் இழப்பும் ஒருவரது சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு எத்தனை பங்கைக் குறைக்கும் என்று வரையறுத்திருந்தது. உற்று நோக்குவார்க்கு அவ்வட்டவணையிலேயே ஒரு பெரிய பாடம் உண்டு.

சுட்டுவிரல் முழுதும் போயின் நூற்றுக்கு 14. நடுவிரல் போயின் 12. மோதிரவிரலுக்கும் சிறுவிரலுக்கும் தனித்தனி 7. இந்நான்கையும் கூட்டினால் 40 ஆகும். ஆனால் ஒரே கையில் நான்கு விரல்களும் போயின், அட்டவணை கூறுவது 40 அன்று, 50. காரணம் வெளிப்படை. ஒருவிரல் போனவனுக்கு எஞ்சிய மூன்றும் அதன் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். நான்கும் போனவனுக்குத் துணைசெய்ய விரலில்லை. இங்கே காயங்கள் கூடியபோது, தம் கூட்டுத்தொகையினும் பெரியவாயின.

இனி, கட்டைவிரல் ஒன்று போயின் 30 என்பதும் அவ்வட்டவணையின் விதி. நான்கு விரலுக்குரிய 50-ஐ இதனோடு கூட்டினால் 80 வரவேண்டும். ஆனால் கட்டைவிரலும் நான்கு விரல்களும் ஒருங்கே போயின் 60 என்றே அட்டவணை கூறிற்று. பற்றுதல் என்னும் ஒரே தொழிலைக் கட்டைவிரலும் ஏனைய விரல்களும் எதிரெதிர் நின்று செய்கின்றன. ஆகலின், கட்டைவிரலின் இழப்பை மதிப்பிடுங்கால், ஏனைய விரல்கள் அதனால் அடையும் பயனின்மையும் அம்மதிப்பில் ஓரளவு சேர்ந்தேயிருக்கின்றது. அதனை மறந்து இரண்டையும் கூட்டினால் ஒரே இழப்பை இருமுறை எண்ணியதாகும். இங்கே காயங்கள் கூடியபோது, தம் கூட்டுத்தொகையினும் சிறியவாயின.

கண்ணைப் பற்றிய விதியும் இத்தகையதே. மற்றைக் கண் செவ்வையாயிருக்க, ஒரு கண்ணின் பார்வை மட்டும் போயின் 30. பார்வை வேண்டும் தொழில் எதனையும் செய்யவொண்ணாதபடி இருகண்ணும் ஒளியிழப்பின் 60 அன்று, 100.

ஒரே விபத்தில் பல காயங்கள் நேர்ந்தால் அவற்றுக்குரிய தொகைகளைக் கூட்டுக என்றும், ஆயினும் அக்கூட்டுத்தொகை முழு ஊனத்துக்குரிய தொகையை எவ்வாற்றானும் மிஞ்சலாகாது என்றும் அச்சட்டம் விதித்திருந்தது. ஒரு மனிதர் தம்மிடம் உள்ளதினும் மிகுதியாக எதனையும் இழத்தல் இயலாது என்பதே அவ்வரம்பின் தத்துவம்.

அட்டவணைக்கு வெளியேயும் இதற்கு எடுத்துக்காட்டுக்கள் பல. கால் முறிந்தவர் ஊன்றுகோலைக் கக்கத்தில் இடுக்கி நடந்துகொள்ளலாம். கை முறிந்தவர் தூக்குக்கட்டோடு உலாவி வரலாம். இரண்டும் ஒருங்கே முறிந்தவரோ ஊன்றுகோலையும் பிடிக்கமாட்டார், படுக்கையே கதியாவார். இதற்கு மாறாக, காலும் கையும் முறிந்து மூன்று மாதம் வேலையிழந்தவர், காலுக்கு மூன்று மாதக் கூலியும் கைக்கு மூன்று மாதக் கூலியும் ஆக ஆறு மாதக் கூலி கேட்டல் பொருந்தாது. போனவை மூன்றே மாதங்கள். ஆகவே காயங்கள் சிலவிடத்து ஒன்றையொன்று வளர்க்கும்; சிலவிடத்து ஒன்றுள் ஒன்று அடங்கும். இவற்றுள் எது நிகழ்ந்தது என்பதை ஆய்ந்து காண்பதே நீதிபதியின் வேலை.

நூற்று நாற்பது என்னும் பிழை

தொழிலிடத்தை விட்டுச் சாலைக்கு வருவோம். மோட்டார் வாகன விபத்தில் ஊறுபட்டவர், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அமைந்த விபத்துத் தீர்ப்பாயத்தில் நஷ்டஈடு கோரலாம். நியாயமாகத் தோன்றும் தொகையை அளிக்குமாறு அச்சட்டத்தின் 168-ஆம் பிரிவு தீர்ப்பாயத்தைப் பணிக்கின்றது. "நியாயம்" என்னும் ஒரு சொல்லுக்குள் எத்தனையோ ஐயங்கள் ஒளிந்துகிடக்கின்றன. அவற்றுட் பலவற்றை 2010 அக்டோபர் 18-ல் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்புத் தெளிவித்தது. அதனை எழுதியவர் நீதிபதி இரவீந்திரன். இன்றளவும் தீர்ப்பாயங்கள் கைவிளக்காகக் கொள்வது அதுவே.

அவ்வழக்கில் வாதி பாலாடைக்கட்டி விற்றுப் பிழைத்தவர். விபத்தில் அவருக்கு இடக்காலிலும் இடக்கையிலும் எலும்புகள் முறிந்தன. மருத்துவச் சான்றிதழ் நூற்றுக்கு 45 ஊனம் என்று கூறிற்று. தீர்ப்பாயம் அவ்வெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, வருங்கால வருமானத்திலும் நூற்றுக்கு 45 போயிற்று என்று கணக்கிட்டது. உச்ச நீதிமன்றம் இம்முறையை ஒப்பவில்லை. அந்த 45 இடக்கால் ஒன்றைப் பற்றிய எண்ணேயன்றி, முழுவுடம்பைப் பற்றியதன்று. முழுவுடம்பின் ஊனமும் வருமானத்தின் குறைவோடு ஒன்றாகாது. கால் தளர்ந்தவர் முன்போல் விரைந்து இயங்கமாட்டாராயினும், தம் வியாபாரத்தை அடியோடு இழந்தவராகார்.

அத்தீர்ப்பு நமது பொருளுக்கு நேரே இயைந்த ஓர் உதாரணத்தையும் தருகின்றது. ஒருவருக்கு வலக்கையில் நூற்றுக்கு 60 ஊனம். இடக்காலில் நூற்றுக்கு 80. இரண்டையும் கூட்டி, அவர் உடம்பில் நூற்றுக்கு 140 ஊனமென்று கூறலாமோ? கூறலாகாது. வெவ்வேறு உறுப்புக்களின் ஊனத்தை முழுவுடம்பின் ஊனமாக மாற்றிக் கூறுங்கால், அது 100-ஐ மிஞ்சுதல் இல்லை. ஒரு குடத்தினின்று ஒரு குடத்து நீரினும் அதிகமாகக் கொட்டிப்போயிற்று என்பாரை யாரே நம்புவர்?

ஊனச் சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழுவினர்க்கு நடுவண் அரசினர் 2001-லும் 2018-லும் வகுத்தளித்த நெறிமுறைகளிலும் இதே கருத்து ஒரு சூத்திரமாக அமைந்திருக்கின்றது. இரண்டு ஊனங்களுள் பெரிய எண்ணை அப்படியே வைத்துக்கொள்க. 90-லிருந்து அப்பெரிய எண்ணைக் கழித்து, வந்த மீதியைச் சிறிய எண்ணாற் பெருக்கி, 90-ஆல் வகுக்க. வந்த ஈவைப் பெரிய எண்ணோடு கூட்டுக. உதாரணமாக, ஊனங்கள் 60-உம் 30-உம் ஆயின், 90-ல் 60 போக மீதி 30. அதனை 30-ஆற் பெருக்க 900. 90-ஆல் வகுக்க 10. ஆகவே மொத்தம் 70. வெறுங்கூட்டலாயின் 90 ஆகியிருக்கும். இரண்டாம் ஊனம், முதல் ஊனம் விட்டுவைத்த ஆற்றலினின்றே தன் பங்கை எடுத்துக்கொள்ளும் என்பது இச்சூத்திரத்தின் உட்கருத்து.

உடம்பின் ஊனமும் உழைப்பின் ஊனமும்

மருத்துவர் தரும் எண் எத்துணைச் செவ்வையாயிருப்பினும், அது வழிநடையின் முதற்படியே. உடம்பு இழந்தது வேறு. உழைப்பு இழந்தது வேறு. மேற்கூறிய தீர்ப்பில் இதற்கும் உதாரணம் உண்டு. இடக்கை துண்டிக்கப்பட்டவரின் ஊனம் ஏறக்குறைய 60 என்று மதிக்கப்படலாம். அவர் மோட்டார் ஓட்டுபவராகவோ தச்சராகவோ இருந்து, அத்தொழில் இனிச் செய்யவியலாதாயின், வருமான இழப்பு ஏறக்குறைய 100 ஆகும். அவரே அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்து, அவ்வேலையிலேயே தொடர்ந்து வைக்கப்படுவாராயின், வருமான இழப்பு 60-க்கும் மிகக் குறைந்ததாகும். ஒன்றுமில்லாமற் போதலும் கூடும். ஆயினும் அக்குமாஸ்தாவுக்கு நஷ்டமே இல்லையென்பது கருத்தன்று. வாழ்க்கை வசதிகளை இழந்தமைக்கு அவர் வேறு தலைப்பிற் பணம் பெறுவர்.

ஆதலால் தீர்ப்பாயம் மூன்று படிகளில் ஆராய்தல் வேண்டும். விபத்துக்குப் பின் இவர் எவ்வெச்செயல்களைச் செய்ய வல்லவர், எவற்றைச் செய்ய மாட்டார் என்பது முதற்படி. விபத்துக்கு முன் இவர் தொழில் யாது, வயது யாது என்பது இரண்டாம்படி. இவர் சம்பாதிக்கும் ஆற்றலை முற்றும் இழந்தாரோ, பழைய தொழிலையே செய்யவல்லரோ, அன்றிக் குறைந்த அளவில் வேறொரு தொழில் செய்து பிழைக்கக்கூடியவரோ என்பது மூன்றாம்படி. பல காயமுற்றாரிடத்து இம்மூன்றாம் படியே இன்றியமையாதது. ஏனெனில், காயங்களெல்லாம் ஒன்றுகூடித் தம் முழுவலியைக் காட்டுவது தொழிலின் முன்னரேதான்.

கணக்கின் போக்கை மாணவர் அறியும்பொருட்டு ஒரு கற்பனை வழக்கை அமைத்துக் காட்டுவோம். 33 வயதுள்ள ஒரு தச்சர் மாதம் ரூ. 20,000 சம்பாதித்து வந்தார். விபத்தில் வலக்கை மணிக்கட்டு மடங்காது நின்றுவிட்டது, இடமுழங்காலும் வளையவில்லை. இழைப்புளி தள்ளக் கை உதவாது. உட்கார்ந்து உளி பிடிக்கக் கால் உதவாது. மேற்பார்வை போன்ற இலேசான வேலை சிறிதளவு செய்யலாம். அவர் சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 80 போயிற்று என்று தீர்ப்பாயம் முடிவுசெய்ததாகக் கொள்வோம். 40 வயதுக்கு உட்பட்டுத் தாமே தொழில் செய்வார்க்கு, வருங்கால வளர்ச்சியின் பொருட்டு வருமானத்தோடு நூற்றுக்கு 40 சேர்த்தல் வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு ஒரு மரண வழக்கில் விதித்தது. நிரந்தர ஊனமுற்றார்க்கும் அவ்வாறு சேர்க்கவேண்டும் என்று 2020-ல் அந்நீதிமன்றமே தெளிவாக்கிற்று. எனவே மாத வருமானம் 28,000, ஆண்டுக்கு 3,36,000, அதில் நூற்றுக்கு 80 ஆவது 2,68,800. வயதுக்குத் தக்க பெருக்கெண் இன்னதென்று 2009-ல் உச்ச நீதிமன்றம் ஓர் அட்டவணை வகுத்திருக்கின்றது. 31 முதல் 35 வயது வரையில் அது 16. ஆகவே வருங்கால வருமான இழப்பு மட்டும் ரூ. 43,00,800. மரண வழக்குக்களில் இறந்தவரின் சொந்தச் செலவுக்கென ஒரு பங்கு கழிப்பதுபோல, இங்கே கழிக்கலாகாது. ஊறுபட்டவர் உயிரோடிருக்கின்றார், அவருக்கு உண்ணவும் உடுக்கவும் வேண்டும்.

இக்கணக்கில் 80 என்னும் எண் ஒன்று பிழைபடின் இலட்சக்கணக்கான ரூபாய் பிழைபடும். அது கூடினால் கொடுப்பவர்க்கு அநீதி; குறைந்தால் ஒரு குடும்பம் வாழ்நாள் முழுதும் அக்குறையைச் சுமக்கும். ஆகலின், ஊனச் சான்றிதழைக் கண்ணைமூடிக்கொண்டு ஏற்றலாகாது. சிகிச்சை செய்த மருத்துவரை அழைத்து, எவ்வுறுப்பைப் பற்றிய எண், முழுவுடம்புக்கு அஃது எவ்வளவு என்று கேட்டறிதல் வேண்டும். தேவையாயின் மருத்துவக் குழுவுக்கு அனுப்புதலும் வேண்டும். தீர்ப்பாயம் வாய்மூடியிருந்து இருபக்கத்துச் சொல்லையும் கேட்கும் வெறும் நடுவராக இருத்தல் போதாது. உண்மையைத் தேடிக் காண்பதாகவும் இருத்தல் வேண்டும்.

தலைப்புக்களின் பயன்

நஷ்டஈட்டை நீதிமன்றங்கள் இரு பெரும் பிரிவாகப் பகுக்கின்றன. முதற்பிரிவு பணக்கணக்கில் அடங்குவது: மருத்துவச் செலவு, போக்குவரவு, சத்துணவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த கூலி, வருங்கால வருமான இழப்பு, வருங்கால மருத்துவச் செலவு என்பன. இரண்டாம் பிரிவு பணக்கணக்கில் அடங்காதது: வலியும் மனவேதனையும், வாழ்க்கை வசதிகளின் இழப்பு, திருமண வாய்ப்பின் குறைவு, ஆயுட் குறைவு என்பன. சிறு காயங்களுக்கு மருத்துவச் செலவும் அதனைச் சார்ந்தனவும், சிகிச்சைக்காலக் கூலியும், வலிக்குரிய தொகையுமே போதும். ஏனையவை பெருங்காயங்களுக்கே உரியன.

இங்ஙனம் தலைப்பிட்டுப் பகுத்தலின் பயன் இருவகைத்து. ஒன்று, எவ்விழப்பும் விடுபடாமை. மற்றொன்று, எவ்விழப்பும் இருமுறை எண்ணப்படாமை. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2006-ல் இரண்டாவதை வற்புறுத்திற்று. நிரந்தர ஊனத்தால் சம்பாதிக்கும் ஆற்றல் இத்துணை குறைந்ததென்று கண்டு அதற்குத் தொகை அளித்தபின், அதே நிரந்தர ஊனத்துக்கென்று தனியே மற்றொரு தொகை வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. பெயர் இரண்டாயினும் இழப்பு ஒன்றே.

முதற்பயனுக்கு, 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்குச் சான்றாகும். 12 வயதில் விபத்துக்குள்ளான ஒரு சிறுமியின் மூளை சிதைந்து, அறிவு ஒன்பது மாதக் குழந்தையின் அளவில் நின்றுவிட்டது.  இவளைப் பேணுபவர் யார்? பெற்றோர் என்பது எளிய விடை. ஆனால் பெற்றோரின் காலமும் ஆயுளும் விலையற்றன அல்ல. நீதிமன்றம் இரண்டு துணையாளர்க்குத் தனித்தனி மாதம் ரூ. 5,000 என்று வைத்து, பெருக்கெண் 18 கொண்டு, அதன்பொருட்டு மட்டும் ரூ. 21,60,000 அளித்தது, ஏனைத் தலைப்புக்களையும் சேர்த்து மொத்தம் ரூ. 62,27,000. காயங்களின் பெயரை மட்டும் நோக்கியிருப்பின், இத்துணையாளர் தலைப்பு மறைந்தே போயிருக்கும். சிறுமியின் நாளை நோக்கியதனால் அது புலப்பட்டது.

வலியை எவ்வாறு கூட்டுவது?

வருமானத்துக்குக் கணக்குண்டு, வலிக்குக் கணக்கில்லை. பல காயங்களின் வலியையும் வசதியிழப்பையும் மதிப்பிடுங்கால் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் கைக்கொள்ளும் முறை அறியத்தக்கது. அங்கே ஒவ்வொரு வகைக் காயத்துக்கும் ஏறக்குறைய எத்துணைத் தொகை வழங்கப்பட்டு வருகின்றது என்பதைத் தொகுத்த வழிகாட்டி நூலொன்று 1992 முதல் நீதிபதிகளின் கையில் உள்ளது. ஆனால் அது காயங்களைத் தனித்தனியே கூறுவதேயன்றி, பல காயங்கள் சேர்ந்த உடம்பைக் கூறவல்லதன்று. ஆகவே 2011-ல் அந்நாட்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முறையை வற்புறுத்திற்று. முதலில் ஒவ்வொரு காயத்துக்கும் தனித்தனியே தொகை காண்க. பின்னர் ஓரடி விலகி நின்று, அக்கூட்டுத்தொகை இம்மனிதரின் மொத்தத் துன்பத்துக்கு நியாயமான ஈடாகின்றதா என்று நோக்குக. ஒன்றுள் ஒன்று அடங்கிய பகுதி உளதாயின் அதனைக் கழித்துக்கொள்க. சித்திரக்காரன் ஒவ்வொரு வண்ணமாகத் தீட்டியபின் விலகி நின்று முழுவுருவையும் பார்ப்பது போன்றது இது.

இம்முறைக்கு 2021-ல் ஒரு சோதனை நேர்ந்தது. வண்டி மோதுங்கால் தலை முன்பின்னாக வெட்டியிழுபட்டுக் கழுத்திற் பற்றும் நோவை அங்கே "விப்லாஷ்" என்பர். 2018-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ், 2021 மே 31 முதல் நேரும் விபத்துக்களில் இந்நோவுக்கு மட்டும் அரசினர் கட்டாய விலைப்பட்டி ஒன்றை விதித்தனர். மூன்று மாதத்துக்குட் குணமாகும் நோவுக்கு அப்பட்டி முதலில் விதித்தது 240 பவுன். நீதிமன்றம் வழக்கமாக அளித்து வந்ததினும் இது மிகச் சிறியது. எதெல்பெர்ட்டின் பட்டி ஏறக்குறைய 1,400 ஆண்டுக்குப் பின் ஒரு மூலையில் மீண்டும் தலைகாட்டியது போலாயிற்று.

இனி, ஒருவருக்குக் கழுத்து நோவும் அதனோடு முழங்கால் அடியும் பட்டால் என் செய்வது? கழுத்து சட்டத்தின் பட்டிக்குட்பட்டது. முழங்கால் நீதிபதியின் மதிப்புக்குட்பட்டது. இவ்வினா அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2024 மார்ச்சில் விடைபெற்றது. கழுத்துக்குப் பட்டிப்படியும், முழங்காலுக்கு வழக்கப்படியும் தொகை கண்டு, இரண்டையும் கூட்டுக. பின் விலகி நின்று நோக்கி, இரண்டுக்கும் பொதுவான துன்பத்தின் அளவைக் கழிக்க. ஆனால் அக்கழிவு எத்துணையாயினும், முழங்கால் ஒன்றே பட்டிருந்தால் அவர் பெற்றிருக்கும் தொகைக்குக் கீழே இறுதித்தொகை இறங்கலாகாது. இவ்விறுதிவிதி நுணுகி நோக்கத்தக்கது. இரண்டாவது காயமும் பட்டமையாலேயே ஒருவர் குறைந்த பணம் பெறுவாராயின் அது நியாயத்தைத் தலைகீழாக்குவதாகும். 1923-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் மேலெல்லை வகுத்தது. இத்தீர்ப்புக் கீழெல்லை வகுத்தது. இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவே நீதிபதியின் விவேகம் உலாவுகின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். காயங்களைத் தனித்தனியே எண்ணாத நீதிபதி எதனையேனும் மறப்பர். எண்ணுவதோடு நின்றுவிடும் நீதிபதி மனிதரையே மறப்பர். எண்ணுதலும் வேண்டும்; எண்ணியபின் நிமிர்ந்து, எதிரே நிற்பவரைப் பார்த்தலும் வேண்டும். காயங்கள் பல, அவற்றைச் சுமக்கும் வாழ்க்கை ஒன்று. ஆகவே இறுதித் தொகையும் அந்த ஒரு வாழ்க்கைக்கே ஒத்திருத்தல் வேண்டும்.

நம் கல்லூரியினின்று வெளிச்செல்லும் மாணவர் சிலர் வழக்கறிஞராவர்; சிலர் மருத்துவராவர்; சிலர் இன்ஷூரன்ஸ் நிலையங்களில் அமர்ந்து கோரிக்கைத் தாள்களைப் புரட்டுவர். மருத்துவராவார், தாம் எழுதும் ஊனக் கணக்கு எவ்வுறுப்பைக் குறித்தது என்று ஒருவரி சேர்த்தெழுதுவாராயின், ஏழையொருவரின் வழக்குப் பல ஆண்டு மேன்முறையீட்டில் அலைவது தவிரும். வழக்கறிஞராவார், கட்சிக்காரரின் எக்ஸ்ரே படத்தை மட்டும் அன்றி, அவர் காலையில் எழுந்தது முதல் இரவு உறங்கும்வரை எச்செயலை யார் துணையோடு செய்கின்றார் என்பதையும் கேட்டுத் தீர்ப்பாயத்தின் முன் வைப்பாராக. தாளைப் புரட்டுவாரும், கூட்டுத்தொகையைக் குறைக்கும் ஒன்றினுள் ஒன்றை மட்டும் அன்றி, அதனைக் கூட்டும் ஒன்றன்மேல் ஒன்றையும் ஒப்ப நோக்குவாராக.

நாம் அறிந்த நல்ல சமாரியன், எரிகோவுக்குச் செல்லும் வழியிற் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டபோது காயங்களைக் கட்டினான்; அம்மட்டில் நில்லாது, அவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய்ப் பராமரித்து, மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேலும் செலவாயின் தான் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிச் சென்றான். கட்டிய காயங்களின் எண்ணிக்கை அவன் கணக்கில் இல்லை. கிடந்தவன் எழுந்து நடக்கும்வரை என்ன வேண்டும் என்பதே அவன் கணக்கு. நீதிமன்றங்கள் பல நூற்றாண்டு உழைத்துக் கண்டறிந்த கணக்கும் அதுவே.